கால் கிலோ அக்கா

கறிக்கடையில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கடைக்குள் பத்துப் பதினைந்து பேர் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். கறிக்கடைக்காரர் வெட்டுவதை நிறுத்தாமலே தராசுப் பக்கம் நின்ற மனைவிக்குக் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, அந்தக் கால் கிலோ அக்காவை முதல்ல அனுப்பு. சின்ன வேலைதானே."

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பொட்டலத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் அவள் படியிறங்கினாள். அடுத்த வாரம் கடைக்காரரின் மனைவியும் அப்படியே கூப்பிட்டாள். அதற்கடுத்த வாரம் வாடிக்கையாளர் ஒருவர், "கால் கிலோ அக்காவுக்கு வழி விடுங்க" என்றார்.

துணி திருத்துவது அவள் தொழில். புதிதாக எதுவும் தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப்போனவர்களுக்கு இடுப்பைப் பிரித்து விடுவது, கிழிசலுக்கு ஒட்டுப் போடுவது, இவ்வளவுதான். மருந்துக் கடையின் மாடிப்படிக்கு அடியில், ஒரு தையல் மிஷினும் ஸ்டூலும் கொள்கிற அளவு இடம். சட்டென்று நிமிர்ந்தால் தலை இடிக்கும். பதினொரு வருடத்தில் குனிந்தே எழுந்திருக்கப் பழகியிருந்தாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். மகளுக்குப் பதினேழு வயது, மகனுக்குப் பதினொன்று. வாடகையும் பள்ளிச் செலவும் கணவன் பொறுப்பு, அடுப்படி இவள் பொறுப்பு. கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே பேசி வைத்த ஏற்பாடு அது. அதனால் கறி விலை ஏறினால் அந்த அடி நேராக அவள் மிஷின்மேல்தான் விழும்.

விலையை அவள் பேன்ட்டில்தான் நினைப்பாள். மகன் பிறந்த சமயத்தில் ஏழு பேன்ட்டுக்கு ஓரம் மடித்துத் தைத்தால் ஒரு கிலோ ஆட்டுக்கறி வாங்கலாம். பிறகு அது பத்து பேன்ட் ஆயிற்று, பதினாலு ஆயிற்று, இப்போது இருபத்திரண்டு. தன் கூலியையும் ஒருமுறை ஏற்றிப் பார்த்தாள். "இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிடலாமே" என்று துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். ஏற்றியதை ஒரே வாரத்தில் இறக்கினாள். கறிக்கடைக்காரரிடம் கேட்டால், "நான் என்னக்கா பண்றது? தீவனம் ஏறிப்போச்சு, வண்டி வாடகை ஏறிப்போச்சு. எனக்கு மிஞ்சறது கத்தியும் கட்டையும்தான்" என்பார். கோழிக்கு மாறினாள். நாலு மாதத்தில் கோழி விலையும் எட்டாத உயரத்துக்குப் பறந்துவிட்டது.

மறுபடி ஆட்டுக்கறிக்கே வந்தாள். ஒரு கிலோ அரையாயிற்று, அரை காலாயிற்று. கறியை நகக்கண் அளவுக்கு நறுக்கினாள். உருளைக்கிழங்கையும் அதே அளவில் நறுக்கி, அதே நிறம் வரும்வரை வறுத்துச் சேர்த்தாள். வாய்க்குள் போனால்தான் எது எதுவென்று தெரியும். மகன் ஒவ்வொன்றாகக் கடித்து, "இது கிழங்கு. இதுவும் கிழங்கு" என்று அறிவித்துக்கொண்டே சாப்பிடுவான். அவள் எண்ணித்தான் பரிமாறுவாள். கணவனுக்கு ஒன்பது துண்டு, பிள்ளைகளுக்கு ஏழேழு. சட்டியில் மிஞ்சும் சாறும் கிழங்கும் அவளுக்கு. தனக்குக் கறி பிடிக்காது என்று அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. மகள் கேட்டபோதுகூட, "எனக்கும் ஆசைதான்டி. பத்தலையே" என்றுதான் சொன்னாள்.

அப்போதெல்லாம் அவளுக்கு ஒரே ஆறுதல் கணவன்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் தட்டிலிருந்து இரண்டு துண்டு எடுத்து மகன் தட்டிலும், இரண்டு எடுத்து மகள் தட்டிலும் வைப்பான்.

"நமக்கென்ன, நாக்கைக் கட்டிக்கலாம். வளர்ற பிள்ளைங்க சாப்பிடட்டும்."

இப்படி ஒரு மனுஷன் எத்தனை பேருக்கு வாய்க்கும் என்று அவள் மனதுக்குள் பூரித்துப்போவாள். மருந்துக் கடைப் பெண்ணிடம்கூட இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஒரு சனிக்கிழமை நண்பகலில், இரண்டு தெரு தள்ளி அலுவலகக் கட்டடங்களுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தும் பெண் ஏழெட்டு ஏப்ரன்களோடு வந்தாள். எல்லாவற்றிலும் நாடா இற்றுப்போயிருந்தது. மிஷினுக்குப் பின்னால் ஆணியில் கணவனின் கம்பெனிச் சட்டை பை கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. பைக்கு மேல் தைத்திருந்த பெயரை அந்தப் பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"அட, இவர் சட்டையா! நம்ம கடைக்கு வர்றவராச்சே. புதன்கிழமை ஆனா ஆள் தவற மாட்டார்."

"அப்படியா? என்ன சாப்பிடுவார்?" அவள் நூல் கோத்தபடியே கேட்டாள்.

"கறிதான். ஒரு தட்டை முடிச்சுட்டு இன்னொண்ணு வாங்குவார். ரெண்டு வருஷமா வர்றார். சரியான தமாஷ் பேர்வழி அக்கா. 'எங்க வீட்ல கறி சமைச்சா பூதக்கண்ணாடியோடதான் சாப்பிட உட்காரணும்'பார். 'எம் பொண்டாட்டி கறியைக் குழம்புல போடறதில்லை, குழம்புக்குக் காட்டிட்டு எடுத்துடுவா'ன்னு ஒருநாள் சொன்னார் பாருங்க, கடையே சிரிச்சுது."

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். இவள் தலையை நிமிர்த்தவில்லை.

"நாடா நீளமா வேணுமா, குட்டையா வேணுமா?" என்று மட்டும் கேட்டாள். எல்லா ஏப்ரன்களுக்கும் நாடா வைத்துத் தைத்து, சொன்ன கூலியை வாங்கிக்கொண்டு அனுப்பினாள்.

மறுநாள் ஞாயிறு. வழக்கம்போல் கால் கிலோ வாங்கினாள், எண்ணிப் பரிமாறினாள். கணவன் வழக்கம்போல் துண்டுகளை எடுத்துப் பிள்ளைகள் தட்டில் வைத்தான். பூதக்கண்ணாடிப் பேச்சைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த நாலு துண்டுகளைத்தான் பொறுக்க முடியவில்லை. சாப்பாடு முடியும்முன் எழுந்து போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். குழாயடியில் ஏன் இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மதியம் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். சுவரோரமாகக் கடைசி மேஜையில் அவன் இருந்தான். முதல் தட்டு காலியாகி ஓரமாகக் கிடந்தது. இரண்டாவதில் பாதி முடிந்திருந்தது. துண்டுகள் ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம் இருந்தன. அவள் எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவன் வாயில் இருந்ததை விழுங்கவே நேரமாயிற்று.

"நீ எங்க இங்க?"

"பசிச்சுது, வந்தேன்." சாப்பாடு கொண்டுவருகிறவரைப் பார்த்து, "இங்க ஒரு தட்டு கறி" என்றாள்.

"மெதுவாப் பேசு. பார்க்கிறாங்க."

"பார்க்கட்டுமே. பூதக்கண்ணாடி இல்லாமலே தெரியும்."

அவன் முகம் செத்துப்போயிற்று. தட்டைப் பார்த்தபடியே தாழ்ந்த குரலில் ஆரம்பித்தான். "நாள் பூரா லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி ஏறுறேன். உடம்பு தாங்க வேணாமா? வாரத்துக்கு ஒரு நாள். ஓவர்டைம் காசுதான். வீட்டுக் காசுல கை வைக்கலை."

"எனக்கு உடம்பு இல்லையா?"

"நீதான் ஒண்ணும் கேக்க மாட்டியே."

"நீங்க கொடுத்திருந்தா அரை கிலோவா வாங்கியிருப்பேன்ல? நாலு பேரும் சாப்பிட்டிருக்கலாம்ல?"

அதற்குள் அவள் தட்டு வந்துவிட்டது. நாலு வாய் தின்றுவிட்டு எழுந்து நின்று, கடையில் எல்லோர் காதிலும் விழும்படி அவனைக் கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் மூன்று நாளாக ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் முதல் துண்டை வாயில் போட்டதும் எல்லாம் மறந்துபோயிற்று. கறி பஞ்சாக வெந்திருந்தது. அப்படி ஒரு துண்டை அவள் கடித்து இரண்டு வருடத்துக்குமேல் ஆகியிருந்தது. தலை குனிந்து, வேகவேகமாக, தட்டை விரலால் வழிக்கும்வரை சாப்பிட்டாள். எலும்பைக்கூட விடவில்லை.

கை கழுவும்போதுதான் பிள்ளைகளின் நினைவு வந்தது. தன் தட்டுக்குக் கொடுக்கவேண்டியதுபோகப் பையில் மிஞ்சும் காசு அவர்களுக்கு ஒரு தட்டு வாங்கக் காணாது. திரும்பிப் பார்த்தாள். கணவன் தன் தட்டை முடித்துவிட்டு மேஜையில் காசை வைத்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சேர்ந்துதான் வெளியே வந்தார்கள். அவனைத் திட்டுகிற வாயை அந்தத் தட்டிலேயே தொலைத்துவிட்டு வந்ததாக அவளுக்குத் தோன்றியது.

அந்த ஞாயிறு அவள் கறிக்கடைக்குப் போகவில்லை. "விலை இறங்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள். மகன் இரண்டு வாரம் முனகினான். கணவன் புதன்கிழமைகளை விடவில்லை, கடையை மட்டும் மாற்றிக்கொண்டான். அடுப்படிக்கு ஒரு காசும் கூடுதலாகக் கொடுக்கவுமில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தால் காலித் தட்டும் வழித்த விரலும் கண்முன் வந்து நின்றன.

இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அவளும் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கு ஒதுக்கும் காசு ஒரு தட்டுக்குச் சரியாக இருந்தது. பிள்ளைகளுக்கு முட்டை வாங்கிக் கொடுத்தால் போயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். முதல் இரண்டு தடவை குற்றவாளிபோலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். மூன்றாவது தடவையிலிருந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தாள்.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் மகள் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளத்தில் பாதியை அம்மா கையில் கொடுத்தாள். இரண்டாவது மாதம் ஒரு சாயங்காலம், தட்டுப் போட்டு அழைத்தபோது, "எனக்குப் பசிக்கலைம்மா" என்று சொல்லிவிட்டு மகள் கட்டிலில் போய்ப் படுத்தாள். முகத்தில் ஒரு நிறைவு இருந்தது. வெள்ளிக்கிழமைச் சாயங்காலங்களில் தன் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று தாய்க்குத் தெரிந்தது.

எங்கே சாப்பிட்டாய் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் திருப்பிக் கேட்பாளே என்று பயந்து, போட்ட சோற்றைச் சட்டியில் கொட்டி மூடினாள். மகன் மட்டும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து முட்டையைப் பிட்டுக்கொண்டிருந்தான்.