வெள்ளிக்கிழமை மேடு

சவரிநாதன் இறந்துபோன செய்தி எனக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. ஜோகூரின் சாஆ என்ற சிற்றூரிலிருந்து வந்தது. காலை வகுப்புக்குப் படியேறிக்கொண்டிருந்தபோது பரமேஸ்வரி அக்காவின் குரல் செய்தி கைப்பேசியில் விழுந்தது. அவர் அனுப்பினால் வீட்டுச் சூட்டைப் பற்றித்தான் இருக்கும், "இன்னிக்கு ரொம்ப பானாஸ் லா" என்று. அதனால் சிரித்துக்கொண்டேதான் கேட்க ஆரம்பித்தேன். "டாக்டர் போய்ட்டாரும்மா. தூக்கத்துலயே போய்ட்டாராம். ஸ்டெல்லா அக்கா இப்பத்தான் கூப்பிட்டாங்க. நீங்க தனியா கார் ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க, யாரையாச்சும் கூட்டிக்கிட்டுப் போங்க." என் பயணத்தைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு அவருக்கு நிதானம் இருந்தது. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஓர் இயற்பியல் பேராசிரியரின் மரணம், அவருடைய துறைக்குத் தெரியுமுன் சாஆவின் செம்பனைத் தோட்டத்தோரம் குடியிருக்கும் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலைப் பணியாளருக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்டெல்லா அக்கா தம் கணவரின் நட்புகளைச் சரியான வரிசையில்தான் அழைத்திருக்கிறார். இந்த அஞ்சலியைப் படிக்கும், சவரிநாதனை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

அவர் இயற்பியல், நான் சமூகவியல். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் வாழும் மலிவுவிலை வீடுகள் பொழுது சாய்ந்த பிறகு எவ்வளவு நேரம் சூடாகவே இருக்கின்றன, அந்தச் சூடு அங்கு உறங்குபவர்களை என்ன செய்கிறது என்று கண்டறிய எங்கள் இருவரையும் ஒரே ஆராய்ச்சியில் கட்டிப்போட்டார்கள். கட்டிப்போட்ட புண்ணியவான் யாரென்று எனக்குத் தெரியாது. முதல் ஆண்டில் என் கையில் அகப்பட்டிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

முதல் நேர்காணலிலேயே வினை தொடங்கியது. பரமேஸ்வரி அக்காவிடம் மெல்லப் பேச்சுக்கொடுத்து, கணவர் காலமான பிறகு தூக்கமில்லாமல் போனதைச் சொல்ல அவர் வாயெடுக்கும் இடத்துக்கு வந்திருந்தேன். சவரிநாதன் எழுந்தார். பையிலிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்தார். "அக்கா, தலைய எந்தப் பக்கம் வச்சுப் படுப்பீங்க?" என்றார். பரமேஸ்வரி அக்கா சிரித்துவிட்டார். "ஏன் டாக்டர், வாஸ்து பாப்பீங்களா?" அதோடு என் நேர்காணல் போயிற்று. சவரிநாதன் மட்டும் மேற்குச் சுவரைத் தடவிப் பார்த்து, எதையோ குறித்துக்கொண்டு திருப்தியாக வெளியே வந்தார்.

காரில் சண்டை பிடித்தேன். "அவங்க புருஷன் செத்த துக்கத்துல தூங்காம இருக்காங்க, நீங்க திசை பாக்குறீங்க."

"அந்தச் சுவரும்தான் தூங்கவிடல."

"துக்கம்ணே."

"ரெண்டுமா இருக்கலாம்ல தங்கச்சி?"

எங்கள் ஆராய்ச்சி முழுவதும் அந்த ஒரு கேள்விதான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. அன்று புரியவில்லை. அவர் ஊரான ரெங்கம் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அந்தக் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் ஏர்கோன் வேலை செய்யாது. "வெப்பத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்றவன் ஜில்லுனு போலாமா?" என்பார், ஏதோ தவம் மாதிரி. தவமுமில்லை, ஒன்றுமில்லை. சுத்தக் கஞ்சத்தனம். தோட்டச் சாலையில் கண்ணாடியை இறக்கினால் செம்மண் தூசி, ஏற்றினால் அவியல். சாஆவில் இறங்கும்போதே நாங்கள் ஆராயப்பட வேண்டியவர்கள் போலத்தான் இருப்போம்.

வீட்டுக்கு ஒன்றாக வெப்பம் பதியும் கருவி கொடுத்தோம். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். வைத்த இடத்தின் சூட்டை இரவும் பகலும் பதிந்துகொண்டே இருக்கும். பிறகு கணினியில் செருகினால் அது ஒரு கோடாக விரியும். ஊரில் அதற்கு 'டாக்டர் பெட்டி' என்று பெயர் வந்துவிட்டது. பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், எல்லாரையும் கூட்டி வைத்துச் சவரிநாதனே பெட்டிகளைக் கொடுத்தார். "இது விலை கூடின சாமான். பிள்ளைங்க கையில கொடுத்துறாதீங்க, பத்திரமா வைங்க" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். சொன்னபடியே பத்திரமாகவும் வைத்தார்கள்.

சில மாதங்கள் கழித்துக் கோடுகள் வந்தன. பெரும்பாலான வீடுகளில் பொழுது சாய்ந்ததும் சூடு இறங்கி, ஏழு மணிவாக்கில் மறுபடி ஒரு மேடாக எழுந்தது. எங்களுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் இயற்பியல் காரணம் எழுதினார்: தகரக் கூரையும் செங்கல் சுவரும் பகலில் குடித்த வெயிலை இரவில் கக்குகின்றன. நான் சமூகவியல் காரணம் எழுதினேன்: அந்த நேரம்தான் எல்லாரும் வேலை முடிந்து திரும்பி, அடுப்பு எரிந்து, ஒரே அறையில் தொலைக்காட்சி முன் கூடுகிறார்கள். இரண்டு காரணங்களும் அவ்வளவு அழகாகப் பொருந்தின. ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அப்போது நான் ஒப்பந்த விரிவுரையாளர். அந்தக் கட்டுரை அச்சேறினால்தான் என் ஒப்பந்தம் நீளும் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த எனக்கு, உண்மையைச் சொன்னால், அந்த மேடு ஓர் அறிவியல் கேள்வியே இல்லை. அது வீட்டு வாடகை.

கடைசித் திருத்தத்துக்காக அச்சுப்படி வந்தபோது அவர் முகம் சரியில்லை. "கோடு அழகா இருந்தா சந்தேகப்படணும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அன்றும் அதைச் சொல்லிவிட்டு, கோடுகளைக் கிழமைவாரியாகப் பிரித்து என் மேசையில் பரப்பினார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்த மேடு நன்றாக உயர்ந்திருந்தது. "தகரக் கூரைக்குக் கிழமை தெரியுமா தங்கச்சி?"

நான் விடுவேனா? அப்போது ஜோகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. "வெள்ளிக்கிழமை எல்லாரும் வீட்ல இருப்பாங்க, சமையல் கூட. இதுல என்ன இருக்கு?"

"அப்ப சனிக்கிழமை?"

சனிக்கிழமைக் கோட்டைப் பார்த்தேன். மற்ற நாள்களைப் போலத்தான் இருந்தது. "எண்ணு பொய் சொல்லாதும்மா. ஆனா தான் எங்க உக்காந்திருந்தேன்னு அது சொல்லாது. முதல்ல போய்ப் பாப்போம்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை பரமேஸ்வரி அக்கா வீட்டுக்குப் போனோம். "உக்காருங்க, விளக்கேத்திட்டு வந்துடுறேன்" என்று அவர் உள்ளே போனார். சவரிநாதன் பின்னாலேயே எட்டிப் பார்த்தார். சாமி மேடையில் முருகனுக்கும் அம்மனுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஒரு கிள்ளுப் பூவோடு உட்கார்ந்திருந்தது எங்கள் பெட்டி. பக்கத்தில் குத்துவிளக்கு. கீழே சாம்பிராணித் தூபக்கால் கனன்றுகொண்டிருந்தது. அக்கா கற்பூரம் காட்டினார். அம்மனுக்குக் காட்டிய கையோடு பெட்டிக்கும் காட்டினார்.

"அலமாக்" என்று திகைத்து நின்றார் சவரிநாதன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தார். வீட்டில் சாமி மேடையைவிடப் பத்திரமான இடம் எது? பக்கத்து வீடுகளிலும் பார்த்தோம். எல்லா இடத்திலும் அதே கதை. கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் வீட்டில் பெட்டி மாதாவின் காலடியில் மெழுகுவர்த்தியோடு இருந்தது. "நம்ம ஆளுங்களும் விடல பாருங்க" என்று அதற்கும் சிரித்தார். கூரையும் கக்கவில்லை, குடும்பமும் கூடவில்லை. விளக்கேற்றும் நேரத்தைத்தான் நாங்கள் இருவருமாகச் சேர்ந்து கண்டுபிடித்திருந்தோம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பும் வழியில் யோங் பெங்கில் சாப்பிட நிறுத்தினார். கோப்பி-ஓவை ஆற்றிக்கொண்டே, கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்றார். "உங்களுக்கென்ன, பென்ஷன் வாங்கிட்டுப் போயிருவீங்க. நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு எங்க போறது?" என்று பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். அந்தக் கோபம் நியாயம் என்று இன்றும் சொல்வேன். அவரும் அதை அநியாயம் என்று சொல்லவில்லை. "நியாயந்தான். ஆனா இதை வச்சு நாளைக்கு எவனாவது சுவரை மாத்தச் சொன்னா? அந்த அக்கா கடன் வாங்கி மாத்துவாங்க. அப்புறமும் சூடு அப்படியேதான் இருக்கும்." சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். தவறு தம்முடையது, கருவியை வைக்கும் இடத்தைச் சொல்லாமல் விட்டது தாம்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுநாள் காலை ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் டீன் அறை வாசலில் போட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்க். டீன் உள்ளே போனார், வெளியே வந்தார், மதியம் சாப்பிட்டும் வந்தார், இவர் எழவில்லை. கடைசியில் உள்ளே அழைத்தபோது நானும் கூட இருந்தேன். "இந்த அம்மா ஒப்பந்தம் போச்சுன்னா இந்த ஆராய்ச்சியில என் பேரையும் எடுத்துருங்க. தப்பைக் கண்டுபிடிச்சதுக்குத் தண்டனைன்னா, அடுத்த தடவை எவனும் கண்டுபிடிக்க மாட்டான்" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு ஓராண்டு நீட்டிப்பு கிடைத்தது. வெளியே வந்ததும் "அந்த நாக்காலி இடுப்ப ஒடிச்சிருச்சு" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பாலாய் ராயாவில் மறுபடி கூட்டம். ஆராய்ச்சியாளர் ஊரைக் கூட்டித் தம் தவற்றைச் சொல்வதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோடுகளைச் சுவரில் பெரிதாகக் காட்டி, "இதுதான் நீங்க விளக்கேத்துற நேரம்" என்றதும் மண்டபமே சிரித்தது. பரமேஸ்வரி அக்கா மட்டும் எழுந்து நின்றார். "எங்களாலதான் கெட்டுப்போச்சா டாக்டர்?"

"இல்லக்கா. பத்திரமா வைங்கன்னு சொன்னது நானு. எங்க வைக்கணும்னு உங்ககிட்ட கேட்டிருக்கணும். இப்பக் கேக்குறேன். உங்க வீட்டுல சூடு யாரை ரொம்பப் படுத்துது?"

அங்கிருந்துதான் எங்கள் ஆராய்ச்சி உண்மையில் தொடங்கியது. ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒரு வீட்டில் படுக்கையில் கிடக்கும் மாமனார். ஒரு வீட்டில் இரவு வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து வந்து பகலில் உறங்கும் மகன். பரமேஸ்வரி அக்கா, மேற்குச் சுவர் ஓரம் தாம் படுக்கும் பாய் என்றார். அப்படியே, நான் ஒருபோதும் கேட்டு வாங்க முடியாத கணவர் கதையையும் சொன்னார். பெட்டிகள் அந்தந்த இடத்துக்குப் போயின. இந்த முறை வந்த கோடுகள் அழகாக இல்லை, கோணல்மாணலாக இருந்தன. கூரைக்கும் அறைக்கும் நடுவே தடுப்பில்லாத வீடுகள் நள்ளிரவு தாண்டியும் ஆறவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதை எழுதினோம், அச்சேறியது. என் வேலையும் நிரந்தரமானது. ஆனால் அதைவிட முக்கியம், அதை எடுத்துக்கொண்டு ஊர்க்காரர்களே அலுவலகம் அலுவலகமாக ஏறினார்கள். இந்த ஆண்டு, முதல் வரிசையில் உள்ள வீடுகளுக்குக் கூரைத் தடுப்பு போட்டாகிவிட்டது. பரமேஸ்வரி அக்கா போன வாரம் குரல் செய்தி அனுப்பினார்: "நல்லா தூங்குறேம்மா. அவரு நெனப்பு வருது, ஆனா தூங்கிடுறேன்." ரெண்டுமா இருக்கலாம்ல என்றீர்களே அண்ணே, இரண்டுமாகத்தான் இருந்தது.

நினைவுத் திருப்பலிக்கு ரெங்கம் போயிருந்தேன். ஸ்டெல்லா அக்கா என் கையில் ஒரு டாக்டர் பெட்டியைக் கொடுத்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சவரிநாதன் தம் படுக்கையறையில் வைத்திருந்த பெட்டி அது. "அவரு போனதுக்கப்புறம் எங்க வைக்கிறதுன்னு தெரியலம்மா. பத்திரமா இருக்கட்டும்னு அவரு படத்துகிட்ட வச்சிருந்தேன்."

அலுவலகம் திரும்பியதும் அதைக் கணினியில் செருகினேன். கோடு விரிந்தது. படுக்கையறையில் இருந்த காலம் முழுவதும் ஏறி இறங்கும் சாதாரணக் கோடு. அதன் பிறகு, ஒவ்வொரு மாலையும் பொழுது சாய்ந்ததும் ஒரு சிறு மேடு. வெள்ளி, சனி என்ற பேதமில்லை. ஒரு நாளும் தவறவில்லை.

பிழையான இடத்தில் வைக்கப்பட்ட கருவியின் பதிவுகளை நீக்கிவிட வேண்டும் என்று விதி. அந்த விதியை எழுதியவரே அவர்தான். நான் நீக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கோட்டைத்தான். இந்த எண்கள் எங்கே உட்கார்ந்திருந்தன என்று எனக்குத் தெரியும்.