மூன்றாவது பெடல்

மெக்கானிக்கிடம் வந்து "எது நல்லது?" என்று கேட்பவன் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறான், நாம் அதற்குத் தலையாட்டவில்லை என்றால் நமக்குத் தொழில் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லுவான். ரேடியோ ரிப்பேர் செய்தவர்கள், தையல் மிஷின் பார்த்தவர்கள், கடிகாரக் கடை வைத்திருந்தவர்கள், நீங்களும் பட்டிருப்பீர்கள். நான் போர்ட் பிளேரில் பட்டேன். கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா என்ற ஒரு கேள்விக்காக, ஒரே ஒரு வண்டியால், ஒரு மழைக்காலம் முழுக்கப் பட்டேன். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஹேடோவில் ஒரு திருட்டு

அறுபதுகளின் கடைசி. மரக் கான்ட்ராக்டர் வேலுச்சாமி, திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மனைவி செல்லக்கனி, ஊருக்கே டீச்சர், மூன்று பெண்களுக்குத் தாய். படகிலிருந்து இறங்குதுறை ஜெட்டியில் கால் வைக்கும்போது அலை படகைத் தூக்கி, டீச்சரின் இடது கால் இரண்டுக்கும் நடுவே மாட்டி நசுங்கியது. எலும்பு கூடிற்று, முட்டி மடங்கவில்லை. வீடு டெலானிபூர் மேட்டில். பள்ளிக்கூடம் பத்துபஸ்தியில். வீட்டு ஜீப் காலையில் புருஷனோடு ஹேடோ துறைமுகத்துக்குப் போகும். திரும்பி வந்து டீச்சரை ஏற்றிப் போவதற்குள் முதல் வகுப்பு முடிந்திருக்கும். இன்னும் தாமதமானால் மாயாபந்தருக்கு மாற்றல் என்று மேலே சொல்லிவிட்டார்கள். மாயாபந்தர் போக மறுபடியும் படகு. அந்தக் காலோடு.

அதனால் வேலுச்சாமி கல்கத்தாவில் கிளட்ச் இல்லாத வண்டி தேடினார். அகப்பட்டது ஒன்றே ஒன்று. சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு, இரண்டே சீட்டு, துணிக்கூரை, வயிறு தரையில் தட்டும். ஆனால் ஆட்டோமேட்டிக். இடது காலுக்கு வேலையே இல்லை. வேலுச்சாமி அந்த வருஷம் செய்த ஒரே நல்ல காரியம் அது.

கப்பலிலிருந்து இறக்கியதும் எனக்கு ஆள் வந்தது. வார்ஃப் கிளார்க் வண்டியை வெளியே விட மறுக்கிறார். உள்ளே குனிந்து பார்த்திருக்கிறார், பெடல் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவதைக் கப்பலில் எவனோ கழற்றிவிட்டானாம், விசாரணை நடக்கும்வரை வண்டி அங்கேயே நிற்குமாம். இதற்குக் கிளட்சே கிடையாது ஐயா, கியர் தானாக மாறும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. மேலதிகாரி வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்டைத் திறந்தார். அப்போதும் என் காதருகே வந்து, தெரிந்த தமிழில் சொன்னார்: "மிஸ்திரி, பெடல் எடுத்த சோர் யாருன்னு உனக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்கிறே."

டிரைவரின் அபிப்பிராயம்

ஜீப் டிரைவர் அப்பாராவ் வண்டியை வார்ஃபிலிருந்து ஓட்டினான். பழக்கதோஷம், இடது காலால் கிளட்சை மிதிப்பதாக நினைத்து பிரேக்கை ஓங்கி மிதித்தான். பக்கத்தில் இருந்த வேலுச்சாமியின் நெற்றி கண்ணாடியில் மோதி வீங்கியது. ஒரு தடவை என்றால் பரவாயில்லை. டெலானிபூர் போய்ச் சேரும்வரை மோதிக்கொண்டே போனது.

டீச்சருக்கு இந்தக் கஷ்டமே இல்லை. மறக்க வேண்டிய பழைய பழக்கம் எதுவும் கிடையாது. விடிகாலையில் பத்துபஸ்தி ரோட்டில் பழகி, சீக்கிரமே மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளியில் நின்றார். மாற்றல் பேச்சு அடங்கியது. அப்பாராவுக்கு மட்டும் ஆறவில்லை. தினமும் என் ஷெட்டுக்கு வந்து, ஆட்டோமேட்டிக் பெட்ரோலைக் குடிக்கும், மேடு ஏறாது என்று ஓதுவான். குடிக்கும்தான், கொஞ்சம். ஏறும்தான், நிதானமாக. டீச்சர் என்ன பந்தயத்துக்கா போகிறார்? உனக்கு ஏன்டா வயிற்றெரிச்சல் என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அவனும் மறைக்கவில்லை: "காலொடிஞ்ச மேம்சாபே காடி ஓட்டினா, நான் டிரைவர்னு வீட்டுல பீவிகிட்ட எப்படி மிஸ்திரி சொல்றது?"

உருட்டுகிற ஊர்

போர்ட் பிளேரில் சாவி போட்டு வண்டி கிளப்புகிறவன் புதிதாக வந்தவன். உப்புக்காற்றில் பேட்டரி முனை பச்சை பூத்துவிடும், புதுசு வேண்டுமென்றால் மெயின்லேண்டிலிருந்து கப்பல் வர வேண்டும். அதனால் எல்லோரும் வண்டியை மேட்டில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து வைப்பார்கள். காலையில் கட்டையை எடுத்து, உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் இஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பும். வீடு பார்க்கும்போதே வாசலில் இறக்கம் இருக்கிறதா என்று பார்க்கிற ஊர்.

அடைமழையில் சிவப்பு வண்டியின் பேட்டரி செத்தது. டீச்சர் சீட்டில் இருந்தார். தள்ளாதீர்கள், தள்ளினால் கிளம்பாது என்று மிஸ்திரி சொல்லியிருக்கிறார் என்று கத்தினார். யார் கேட்டது? தெருவே கூடித் தள்ளியது. இஞ்சின் சுற்றினால்தான் அந்த கியர்பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தம் வரும். அழுத்தம் வந்தால்தான் அது இஞ்சினையும் சக்கரத்தையும் சேர்க்கும். சக்கரம் சுற்றினாலே எண்ணெயை அழுத்துகிற இன்னொரு பம்ப் பின்பக்கம் வைத்த வண்டிகளும் உண்டு, வேகமாகத் தள்ளினால் பிடிக்கும். இதில் இல்லை. கிளம்பவில்லை என்றதும் இன்னும் ஓங்கித் தள்ளினார்கள். ஈரத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி வளைவில் சாக்கடைக்குள் இறங்கியது. டீச்சருக்குக் காயமில்லை. பள்ளிக்குப் போகவும் இல்லை. நான் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருக்கிறேன், வேலுச்சாமி குடைக்கடியில் நின்று கேட்கிறார்: "தள்ளினா ஸ்டார்ட் ஆகாததெல்லாம் ஒரு வண்டியா அண்ணாச்சி?"

டீக்கடைத் தீர்ப்பு

அடுத்த கப்பலில் என் ஷெட்டுக்கு ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. உடைத்துப் பார்த்தால் அதே மாடல் வண்டியின் கியர்பெட்டி, கிளட்ச், மூன்று பெடல். வேலுச்சாமி பின்னாலேயே வந்தார். மாற்று என்றார்.

என் அபிப்பிராயம் கேட்டால், அந்தத் தீவுக்கு கியர் வண்டிதான் சரி. உருட்டலாம், உதிரி கிடைக்கும், இறக்கத்தில் இஞ்சினே வண்டியைப் பிடிக்கும். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவேன். ஆனால் அந்த வண்டியைத் தீவுக்காக வாங்கவில்லை. ஒரு காலுக்காக வாங்கினார்கள். அதைச் சொன்னேன். டீச்சரிடம் சொன்னீரா என்று கேட்டேன். இல்லையாம். டீக்கடையில் காட்டில் மரம் வெட்டுகிற கூப்புக்காரர்கள் பேசுகிறார்களாம். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஆம்பிளை கியர் மாற்றி உறுமவிட வேண்டுமாம். வேலுச்சாமி பொம்பளை வண்டி வாங்கியிருக்கிறான் என்று சிரிப்பாம். எனக்கு வந்த கோபத்துக்குக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். வைக்காவிட்டால் வீசியிருப்பேன். முதலில் டீச்சரின் முட்டியை மடக்கிக் காட்டும், அப்புறம் கிளட்ச் வைக்கிறேன் என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போவதாகச் சொன்னார். நாளைக் காலையில் ஆள் வருமாம். போகும்போது ஒரு நியாயமும் சொன்னார்: "ஓட்டுறது அவ, சரி. ஊர் சிரிக்கது என்னையில்லா அண்ணாச்சி?"

பெட்டி திரும்பிய கதை

ஆள் வருவதற்கு முன்னால், நான் சார்ஜ் போட்டுக் கொடுத்திருந்த பேட்டரியைக் காட்ட டீச்சர் வந்தார், அந்தச் சிவப்பு வண்டியிலேயே. வாசலில் பெட்டி திறந்து கிடந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது. அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. பேட்டரி மறுபடி செத்தால் என்ன வழி என்று மட்டும் கேட்டார். சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கிற பொந்தில் இரண்டாவது பேட்டரி வைக்கலாம் என்றேன். லாரியில் கழற்றியது ஒன்று என்னிடம் இருந்தது, வைத்தேன். புருஷனும் பெட்டி தூக்க ஆளும் வந்து சேர்ந்தபோது நான் கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்தேன். டீச்சர் சீட்டை விட்டு இறங்காமலே பேசினார். வண்டியில் கை வைத்தால் மாற்றலுக்குத் தானே எழுதிக் கொடுத்துவிட்டு மாயாபந்தர் போவதாகவும், மகள்கள் மூன்று பேருக்கும் வேலுச்சாமியே தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பலாம் என்றும் சொன்னார். தலை பின்னுவது என்றதும் மனிதருக்கு முகம் மாறியது. பெட்டி வந்த கப்பலிலேயே திரும்பிப் போகட்டும் என்றார்.

அத்தோடு விட்டாரா? என்னை ஒதுக்கி அழைத்துப் போய், ஒரு பெடலை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். எதோடும் இணைக்க வேண்டாமாம். சும்மா இருந்தால் போதுமாம். எட்டிப் பார்க்கிறவன் மூன்று பெடல் இருப்பதைப் பார்த்து வாயை மூடுவானாம். இத்தனை வருஷம் வண்டியில் உழன்றவனிடம், ஒப்புக்கு ஒரு பெடல் கேட்கிறார்! நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். டீச்சருக்கும் கேட்டுவிட்டது. வண்டிக்குள்ளிருந்தே கைகாட்டி என்னைக் கூப்பிட்டு, புருஷனுக்கும் கேட்கும்படி சொன்னார்: "வச்சுக் குடுங்க அண்ணாச்சி, ஆனா அவிய உக்காருத பக்கம் வைங்க, மிதிச்சிக்கிட்டே வரட்டும்."

வைத்தேன், என் கையால் மாட்டியதில் ஒருதரம்கூட ரிப்பேருக்குத் திரும்பி வராத ஒரே சாமான் அந்தப் பெடல்தான்.