தொட்டியில் எழுதிய பேர்

கம்பெனிக்கு ஊரில் நல்ல பேர் வாங்கித் தருவதும் ஓர் உத்தியோகம் என்றால் என் மாமனார் இன்னும் நம்ப மாட்டார். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் சி.எஸ்.ஆர்., அதாவது சமூகப் பொறுப்பு அதிகாரி. ஊருக்கு நல்லது செய்ய வேண்டும், செய்ததைப் போட்டோ எடுக்க வேண்டும். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களே, உங்களிடம் சொன்னால்தான் என் பாடு புரியும்.

ஆள் உயர எழுத்து

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டினோம். குழாய் இரண்டு போதும் என்ற எங்கள் மேனேஜர், கம்பெனி பேர் மட்டும் பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று சிவப்புப் பெயின்டில் ஆள் உயரத்துக்கு எழுத வைத்தார். மூன்றாம் மாதம் மோட்டார் எரிந்தது. தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். புதிதாகக் கட்டத்தான் அனுமதி உண்டு, பழுது பார்க்க இல்லை என்று பதில் வந்தது.

ஒருநாள் கரியாலூரில் ஜீப் ஏறி அந்த ஊர்ப் பேரைச் சொன்னேன். டிரைவர் சிரித்தார். “தண்ணி வராத டேங்கு தானே சார்? உங்க கம்பெனி பேரச் சொன்னா போதும், மலையில எல்லாருக்கும் தெரியும்.”

காலி லாரி

மரவள்ளி பிடுங்கும் பருவம் வந்தது. கிழங்கு ஏற்ற மலைக்குப் போன எங்கள் லாரியை அந்த ஊர்க்காரர்கள் காலியாகத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த லாரியும் இப்படி வந்தால் நான் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார் மேனேஜர். மகள் பன்னிரண்டாவது படிக்கும் நேரம்.

மலையேறிப் போய், அந்த ஊர் மகளிர் குழுத் தலைவி கோவிந்தம்மாளிடம் கெஞ்சினேன். ஊற்றிலிருந்து தூக்கி வந்த குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார்: “மொதல்ல மோட்டார ஓட வைங்க சார். அப்பால லாரிய ஓட்டிக்கினு வாங்க.”

சாக்கில் மோட்டார்

இனி யாருக்கும் எழுதிப் பயனில்லை. மோட்டாரைக் கழற்றிச் சாக்கில் கட்டி, பஸ் மாறி பஸ் ஏறி, சின்னசேலத்தில் எரிந்த மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோனேன். சட்டையெல்லாம் கிரீஸ். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இன்னா சார், அவ்ளோ பெரிய கம்பெனி, ஒரு மோட்டாருக்கு நீங்களே தூக்கிக்கினு வரணுமா?”

சுண்ணாம்பு

சரிசெய்த மோட்டாரைத் திரும்ப மாட்டியதும் தண்ணீர் வந்துவிட்டது. மறுநாளே லாரியோடு மேனேஜரும் வந்தார், போட்டோ எடுத்துக்கொள்ள. தொட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கம்பெனி பேரைக் காணோம். கோபத்தில் ஊர்க்காரர்கள் எப்போதோ சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். மோட்டார் கழற்ற வந்தபோதே பார்த்தேன். சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

“பேர் எங்கேம்மா?” என்றார் மேனேஜர். என் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டிருந்த கோவிந்தம்மாள் நிமிரக்கூட இல்லை. “பேரு இருந்தப்போ தண்ணி இல்லீங்க. இப்ப தண்ணி வருது, பேரு எதுக்கு? கெழங்கு அங்க குமிச்சி வெச்சிருக்கோம், ஏத்திக்கினு போங்க.” குவியலைப் பார்த்த மேனேஜர் போட்டோவை மறந்து, கிழங்கை ஏற்றச் சொன்னார்.

கம்பெனி பேர் சுண்ணாம்புக்கு அடியில் போயும் உத்தியோகம் பிழைத்து, கிழங்கு லாரியின் முன்சீட்டில் குறட்டை விட்டுக்கொண்டே மலையிறங்கிய சி.எஸ்.ஆர். அதிகாரி அநேகமாக நான் ஒருவன்தான்.