பிலோமினா டைப் அடிக்க மறுத்த கடிதம்

திருவானைக்காவலில் பஸ் நின்றபோது ஏறிய ராஜகோபால் என்னைப் பார்த்ததும் நேரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் ஆபீசில் வேலை பார்ப்பவர், விடுப்பில் இருந்த எனக்குச் சேதி தெரிந்திருக்காது என்று ஊகித்துவிட்டார். "நம்ம பிலோமினா மிஸ் போயிட்டாங்க சார். காமாலைன்னாங்க. நேத்தே அடக்கம் முடிஞ்சிடுச்சு" என்றார். பிலோமினாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஸ்ரீரங்கத்தில் கண்டக்டர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் நான் இறங்கினேன்.

திருச்சிக்கு வெளியே உள்ள எங்கள் பெரிய கம்பெனியில் அவர் டெலிபோன் போர்டில் இருந்தார். நான் சரக்கு அனுப்பும் பிரிவில் குமாஸ்தா. ஐம்பதுகளின் பின்பாதியில், ஒரே வாரத்தில், இருவரும் தற்காலிக ஊழியர்களாகச் சேர்ந்தோம். பட்டறைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் இருந்தது. தற்காலிக ஆபீஸ் ஆட்களுக்கு அதில் இடமில்லை. இடம் கொடுத்திருந்தாலும் நான் சேர்ந்திருக்க மாட்டேன், அவ்வளவு பயந்தாங்கொள்ளி. வேலை போனால் நமக்காகக் கேட்க ஒரு நாதியும் கிடையாது என்று தெரிந்துதான் தினமும் கேட்டுக்குள் நுழைவோம்.

ஒருநாள் ஆங்கிலத்தில் அடித்த தாள் ஒன்றில் கையெழுத்து வாங்க ஓர் அதிகாரி வந்தார். நாங்களெல்லாம் என்ன ஏது என்று பார்க்காமல் போட்டுத் தள்ளினோம். பிலோமினா தாளை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். நடுவில் இரண்டு கால் வந்தது. கனெக்ஷன் கொடுத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி படித்தார்.

"என்னம்மா, பரீட்சைக்கா படிக்கிறே?" என்றார் அதிகாரி.

"கையெழுத்து என்னோடதாச்சே சார். எனக்கும் ஒரு காப்பி குடுங்க."

அப்படி வாங்கிய தாள்களெல்லாம் பாலக்கரையில் அவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. "மேஜையில வைக்காதீங்க வரதன் சார். மேஜை கம்பெனியோடது" என்பார். அப்போது சிரித்தேன். ஆனாலும் என் நியமன உத்தரவை அன்று மாலையே வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் எனக்குச் சனி பிடித்தது. பரிசோதனை முத்திரை இல்லாமல் எந்தப் பெட்டியும் வெளியே போகக் கூடாது என்பது விதி. என் பிரிவு அதிகாரி போனில், "லாரியை விட்டுடு, முத்திரையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். விட்டேன். சரக்கு பழுது என்று திரும்பி வந்தது. அதிகாரி என்னைக் கூப்பிட்டு, தான் எதுவுமே சொல்லாதவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடு, நான் முடிச்சுடறேன்" என்றார்.

எனக்கு அது பெரிய உபகாரமாகவே தோன்றியது. எங்கள் அகத்தில் பெரியவர்களுக்கு எழுதும் கடிதம் தொடங்குவதே 'அடியேனை க்ஷமிக்க வேணும்' என்றுதான். அம்மாவும், "ஒரு வார்த்தை க்ஷமாபணம் கேட்டா என்ன கொறஞ்சுடும்? கேட்டுடேன்" என்றாள். என் பிழையை, என் கவனக்குறைவை, என் வருத்தத்தை எல்லாம் சேர்த்து உருக்கமாக ஒரு பக்கம் எழுதினேன். டைப் அடித்துக் கொடுக்கும்படி, டைப்பிங் தெரிந்த பிலோமினாவிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு மடித்து என் கையிலேயே திணித்தார். "அடிக்க மாட்டேன். இதுல உங்க கையெழுத்து விழுந்தா விசாரணையே தேவையில்ல, அப்படியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. எந்த நாள், எத்தனை மணி, யார் சொன்னாங்க. வருத்தத்தைப் பெருமாள்கிட்ட சொல்லிக்குங்க."

நடந்ததை மட்டும் எழுதிக் கொடுத்தேன். விசாரணை வந்தது. உடன் வேலை செய்பவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்ளலாம் என்று நோட்டீசில் இருந்தது. என் பிரிவில் ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மச்சினன் கல்யாணம். பிலோமினாவிடம் நான் கேட்கவே இல்லை. அவராகவே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விசாரித்தவர்கள் கேட்டபோது, போர்டில் வரும் கால்களைக் குறித்து வைக்கும் தன் நோட்டைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்: "அன்னிக்குப் பத்து இருபதுக்கு அதிகாரி ரூம்லேருந்து சரக்கு ரூமுக்குக் கனெக்ஷன் குடுத்தேன். என்ன பேசினாங்கன்னு தெரியாது. கேக்கறது என் வேலை இல்ல." போனே செய்யவில்லை என்றுதான் அதுவரை அதிகாரி சாதித்துக்கொண்டிருந்தார்.

என் வேலை தப்பியது. ஆறு மாதத்தில் நிரந்தரமும் ஆனது. அவருக்கு ஆகவில்லை. அதோடு விட்டார்களா? போர்டில் உட்கார்ந்து பேச்சை ஒட்டுக் கேட்கிறார் என்று அவர்மேல் ஒரு குற்றச்சாட்டு வந்தது. அந்த நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு சரக்கு அறை வாசலில் வந்து நின்றார். நான் கீழே கிடந்த சணல் கயிற்றை எடுப்பவனைப் போலக் குனிந்துகொண்டேன். கயிற்றை எடுக்க அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது.

"உங்களுக்கு இப்பத்தான் பர்மனென்ட் ஆச்சு. அம்மா வேற உங்களை நம்பி இருக்காங்க. வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்" என்றார். இவ்வளவுக்கும் அவர் என்னை எதுவும் கேட்டிருக்கவில்லை.

தனியாகவே போனார். டின்னில் இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொண்டார். அவர் நிரந்தரமாவதற்கு மேலும் மூன்று வருஷம் ஆயிற்று. அவருடைய விசாரணை நடந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கும் வழக்கம்போல அவரிடமிருந்து என் மேஜைக்குக் கேக் வந்தது. சாப்பிடத்தான் முடியவில்லை.

நான் இன்றும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். சங்கமில்லாத யாருக்கு நோட்டீஸ் வந்தாலும், கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். தைரியசாலி ஆகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இந்த ஒரு பழக்கம்தான். அவரை அறிந்த நீங்கள், இதற்காக என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஏதாவது நல்ல வார்த்தை சொல்கிறீர்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன். பிலோமினாவின் விசாரணை நடந்த அன்று நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. விசாரணை நடந்த அறையிலிருந்து வராந்தாவுக்கு எதிர்ப்பக்கம், சரக்கு அறையில் இருந்தேன். அன்று காலை எனக்கு ஒரு வேலையும் இல்லை.