படம் வரைய மறுத்த மெஷினும் பொன்மலை போஸ்டரும்

போன மாதம் ஒரு மெஷின் என்னைக் கண்டித்தது. அதுவும் ரொம்ப மரியாதையாக.

'மன்னிக்கவும், இந்தக் கோரிக்கை எங்கள் விதிமுறைகளுக்கு ஏற்றதாக இல்லை. வேறு ஏதாவது வரைந்து தரட்டுமா?'

ஐம்பத்திரண்டு வயதில், ஸ்ரீரங்கத்தில் என் வீட்டு டைனிங் டேபிளில் உட்கார்ந்து, பக்கத்தில் காபி ஆறிக்கொண்டிருக்க, நான் அப்படி என்ன ஆபாசமாகக் கேட்டுவிட்டேன்?

நூர்ஜஹானுக்காகத்தான் கேட்டேன். அவள் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். என் பித்தப்பை ஆபரேஷனின்போது அறிமுகமானவள். தையல் பிரித்த பிறகும் சிநேகம் பிரியவில்லை. எனக்கு ஏஐயில் படம் போடத் தெரியும் என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு யானைப் படம் போட்டதைத் தவிர எனக்கு வேறு அனுபவம் கிடையாது. ஆனால் ஒன்னாம் நம்பர் பஸ் பிடித்து வீடு தேடி வந்தவளிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை.

விஷயம் இதுதான். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம். இரண்டு லேடி டாக்டர்கள் வர ஒப்புக்கொண்டிருந்தார்கள். போன வருஷமும் அவள் இதை நடத்தினாள். அறுபது நாற்காலி, வந்தவர்கள் ஒன்பது பேர்.

"நோட்டீஸ்ல 'மகளிர் நல முகாம்'னு போட்டிருந்தோம். அந்த ஒன்பதுலயும் ரெண்டு பேர் கோலப்போட்டின்னு நினைச்சு வந்தாங்கக்கா."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அன்னிக்கு வராத ஒரு அம்மா இப்ப எங்க வார்டுல படுத்திருக்காங்க. நாலு தெரு தள்ளித்தான் வீடு. இந்தத் தடவை எதுக்கு வரணும்னு போஸ்டர்ல பளிச்சுனு போடணும். எப்படித் தொட்டுப் பார்த்துக்கணும்னு படமும் வேணும்."

சரி என்று லேப்டாப்பைத் திறந்தேன். அவள் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். 'ஒரு பெண் பிள்ளை கண்ணாடி முன் நின்று தன் மார்பகத்தைச் சுய பரிசோதனை செய்வது போல ஒரு படம்.' அதற்குத்தான் அந்தக் கண்டிப்பு.

மார்பகம் என்ற சொல்தான் இடிக்கிறது என்று நினைத்து, 'நெஞ்சைப் பரிசோதிப்பது' என்று மாற்றினேன். மீசை வைத்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருந்தார். பின்னால் ஆம்புலன்ஸ்.

"இவருக்கு முதல்ல ஈசிஜி எடுக்கணும்" என்றாள் நூர்ஜஹான்.

நெஞ்சையும் எடுத்துவிட்டு, 'சுய பரிசோதனை செய்யும் பெண் பிள்ளை' என்றேன். இரட்டைப் பின்னல் போட்ட ஒருத்தி ஹாலில் உட்கார்ந்து பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். 'கட்டி இருக்கிறதா என்று பார்ப்பவர்' என்றேன். ஒரு அம்மாள் மளிகைக் கடையில் வெல்லக் கட்டியைக் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'இது மருத்துவம், ஆபாசம் இல்லை, இதுகூடத் தெரியாதா?' என்று மெஷினோடு சண்டை போட்டேன். அது மறுபடி மன்னிப்புக் கேட்டது. அதன் பிறகு 'கண்ணாடி முன் ஒரு பெண்' என்று மட்டும் கேட்டாலும் மறுத்தது. ஒரு தடவை சந்தேகம் வந்துவிட்டால் நாம் என்ன சொன்னாலும் தப்பாகத்தானே தெரியும்... மனிதர்கள் மட்டும்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

"இதை மூடிட்டுப் புதுசா ஆரம்பிங்கக்கா" என்றாள் நூர்ஜஹான். "டூட்டி மாறினா புது நர்ஸ்கிட்ட கேஸை முதல்லேர்ந்து சொல்லுவோம்ல, அது மாதிரி."

புதிய உரையாடல் திறந்தேன். என்ன எழுதுவது என்று யோசிக்கும்போது அவளே கேட்டாள்.

"அக்கா, அந்தப் பரீட்சைப் படத்துல ஏன் சின்னப் புள்ளைய வரைஞ்சுச்சு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் நாற்பது வயதுக்காரியையும் 'பொம்பளப் புள்ள' என்போம். நூர்ஜஹானும் அப்படித்தான் சொன்னாள், நான் அதைத்தான் நல்ல தமிழில் 'பெண் பிள்ளை' ஆக்கினேன். மெஷின் அதைக் குழந்தை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஒரு குழந்தை, கண்ணாடி, மார்பகம். மூன்றும் ஒரே வரியில்.

நூர்ஜஹான் பழைய உரையாடலைத் திறந்து, என் முதல் வரியை மறுபடி படித்தாள்.

"அப்ப அது மறுத்தது சரிதான்க்கா" என்றாள்.

சரிதான். மறுக்காமல் வரைந்திருந்தால்தான் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். நான் என்ன நினைக்கிறேன் என்பது அதற்கு எப்படித் தெரியும்? நான் எழுதியது மட்டும்தானே தெரியும்.

இந்தத் தடவை எதையும் அதன் ஊகத்துக்கு விடவில்லை. நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி, காட்டன் புடவை, முழுமையாக உடை அணிந்திருக்கிறார், ஒரு கை தலைக்குப் பின்னால், மற்ற கையின் மூன்று விரல்கள் அக்குளுக்குப் பக்கத்தில். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்கான மருத்துவ போஸ்டர், எளிய கோட்டோவியம். மார்பகம் என்ற சொல்லை ஒளிக்கவே இல்லை.

படம் வந்தது. முதல் தடவையிலேயே. புடவைக்கு நல்ல பார்டர் வேறு. நூர்ஜஹான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பக்கத்துல புர்கா போட்ட ஒருத்தங்களும் இருக்கட்டும்க்கா" என்றாள். அதுவும் வந்தது.

வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

குவார்ட்டர்ஸ் நலச் சங்கச் செயலாளர் தங்கராசு, ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நல்ல மனிதர். ஹாலைத் திறந்து கொடுத்து, நாற்காலிக்கும் ஏற்பாடு செய்தவர். 'மார்பகப் புற்றுநோய் பரிசோதனை முகாம்' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த போஸ்டரை அவர் வீட்டில் விரித்துக் காட்டினோம். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"படம் ரொம்ப நல்லாருக்குங்க மேடம். அந்த ஒரு வார்த்தை மட்டும்... 'பெண்கள் நலம்'னு போட்டுக்கலாமே."

"போன வருஷம் அப்படித்தான் போட்டோம் சார். ஒன்பது பேர்" என்றாள் நூர்ஜஹான்.

"புரியுதுங்க. ஆனா ஆளுங்க ஷிஃப்டுக்குப் போற வழி. புள்ளைங்க ஸ்கூலுக்குப் போற வழி. என்னமோ மாதிரி இருக்கும்."

மெஷினிடம் புது உரையாடல் திறக்கலாம். தங்கராசு சாரை மூடிவிட்டு மறுபடி திறக்க முடியுமா என்ன?

அவர் மனைவி செல்வி டீ கொண்டு வந்தார். தட்டை வைத்துவிட்டு, நின்றபடியே போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"போன வருஷ நோட்டீசு நம்ம வீட்டுக்கும் வந்துச்சுங்க" என்று கணவரிடம் சொன்னார். "மகளிர் நலம்னு இருந்துச்சு. நான் நலமாத்தானே இருக்கேன்னு போகல. இதுக்குத்தான்னு தெரிஞ்சிருந்தா போயிருப்பேன்."

"நீ எதுக்கு?"

"எங்க அக்காவுக்கு என்ன வந்துச்சுன்னு மறந்துட்டீங்களா? வயித்துக் கட்டின்னு ஊருக்கெல்லாம் சொன்னோம். வயித்துலயா இருந்துச்சு?"

தங்கராசு டீயைக் குடித்து முடித்தார். பிறகு போஸ்டரைப் பத்திரமாகச் சுருட்டினார்.

"எத்தனை காப்பி வச்சிருக்கீங்க? கொடுங்க, நானே ஒட்டிடறேன்."

ஒட்டினார். நோட்டீஸ் போர்டில் மட்டுமல்ல, ஒர்க்‌ஷாப் சைக்கிள் ஸ்டாண்டிலும். அங்கே படித்த ஆண்கள்தான் முகாமன்று மனைவிமார்களை வண்டியில் கொண்டுவந்து இறக்கினார்கள். சிலர் அப்படியே சந்தையில் காய்கறி வாங்கப் போனார்கள். செல்வி முதல் டோக்கன். பதினொரு மணிக்கு நாற்காலி பத்தவில்லை. பெயர் பதியும் மேஜையில் நான். மதியத்துக்குள் எண்பத்து நான்கு பேரை எழுதியிருந்தேன். இருவரை மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று டாக்டர்கள் அனுப்பினார்கள்.

கூட்டம் குறைந்ததும் நூர்ஜஹான் என் மேஜைக்கு வந்தாள்.

"நீங்க எப்பக்கா கடைசியா பார்த்துக்கிட்டீங்க?"

"எனக்கென்ன..." என்று ஆரம்பித்தேன். எத்தனை தடவை டைப் செய்திருப்பேன் அந்தச் சொல்லை. ஒரு தடவைகூட என்னைப் பற்றி யோசிக்கவில்லை.

"எண்பத்தஞ்சு, உங்க பேரு. எழுதுங்க."

உள்ளே போனேன். பேசிக்கொண்டே பார்த்த டாக்டரின் விரல்கள் இடது பக்கத்தில் நின்றன. பேச்சும் நின்றது.

"சின்னதா ஒன்னு தட்டுப்படுதும்மா. ஸ்கேன் எடுத்து, ஊசில கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கும் அனுப்பிடலாம்."

ரிசல்ட் வர ஆறு நாள். வீட்டில் 'சும்மா ஒரு செக்கப்' என்று சொல்லிவைத்தேன். போஸ்டரில் கொட்டை எழுத்தில் போட்டவளுக்கு, கட்டிய கணவரிடம் அதே சொல்லைச் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. தங்கராசுவை நான் என்ன குறை சொல்வது? சொன்னதும் என் கணவர் டிவியை நிறுத்தினார். "ரிசல்ட் வாங்க நானும் வரேன்" என்றார். அவ்வளவுதான். அன்று சாயங்காலம் காவிரிப் பாலம்வரை இரண்டு பேரும் நடந்துவிட்டு வந்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

மேல் சோதனைக்குப் போன மற்ற இருவரில் ஒருவருக்குப் புற்றுநோய் உறுதியானது. ஆரம்ப நிலை, நிச்சயம் குணப்படுத்தலாம் என்கிறார்கள் டாக்டர்கள். சிகிச்சை தொடங்கிவிட்டது. இந்தப் பத்தியைப் படிக்கும் பெண்களுக்கு நான் சொல்ல விரும்புவது அதில் இருக்கிறது. ஆண்களுக்கும்தான்.

என்னுடைய ரிசல்ட்டை நூர்ஜஹான்தான் கவுன்டரில் வாங்கிப் படித்தாள்.

"ஒன்னுமில்லக்கா. வெறும் கொழுப்புக் கட்டி. ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பார்த்தா போதும்."

என் கணவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பிறகு ரிப்போர்ட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நூர்ஜஹானிடம் சொன்னார்:

"கொழுப்புதான்னு கண்டுபிடிக்க இவ்வளவு டெஸ்ட்டாம்மா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணமான மறுநாளே சொல்லியிருப்பேனே."