விமானத்துக்கு அண்ணன் வைத்த காதுகள்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என்னைப் பற்றி எழுதப்போவது நல்லதல்ல.

மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அப்பா காலமானதும் பள்ளியை விட்டுத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் போய், என்னைப் படிக்க வைத்தார். அவர் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் ஆனார். நான் அங்கேயே கணக்கெழுதும் கிளாக்கர் ஆனேன். வேலையிடத்தில் அவர் என்னை ஐயா என்பார், நான் அவரை நீ என்பேன். தோட்டத்து முறை அது. எனக்கு அது பிடித்தும் இருந்தது.

தோட்டத்தை நிர்வகித்த துரை சொந்தமாக ஒரு சிறு விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இறக்கை நுனிகளில் நிமிர்ந்து நிற்கும் சிறு இறக்கைகளை வைத்தால் நன்றாகப் பறக்கும் என்று ஏதோ சஞ்சிகையில் படித்துவிட்டு, அண்ணனைச் செய்யச் சொன்னார். நாங்கள் அவற்றைக் காது என்றோம். மழைக்காலம், பலகையில் ஒட்டிய பசை காயவில்லை. தேயிலை காயவைத்தே பழகியவர், காதுகளையும் தொழிற்சாலை அடுப்பறைச் சூட்டில் வைத்தார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான். வறண்ட பலகை, விமானத்தில் பொருத்தியபின் பனிமூட்டத்தில் ஊதிவிட்டது.

பறக்கும் நாள் காலையில் இடது காதில் வெடிப்பைக் கண்டார். தொழிலாளி துரையிடம் நேரே பேசக் கூடாது, கிளாக்கர் வழியாகத்தான் பேச வேண்டும். என்னிடம் வந்தார்.

"ஐயா, ஒட்டு விட்டிருக்கு. இன்னைக்கி வேணாம்னு தொரகிட்ட சொல்லுங்க."

"விருந்தாளிங்க வந்திருக்காங்க. நீ பேசாம போ."

நான் சொல்லவில்லை. "செஞ்சவனே பின்னால ஏறட்டும்" என்றார் துரை. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

விமானம் மைதானத்தை விட்டு எழும்பியதும் காது பிய்ந்தது. ஒரு பக்கமாகச் சாய்ந்து தேயிலைக்குள் விழுந்தது. துரைக்கு நெற்றியில் கீறல். அண்ணனுக்கு முதுகெலும்பு முறிந்தது. வேலையாளின் கவனக்குறைவு என்று துரை சொல்லச் சொல்ல, அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான்தான்.

அண்ணனைக் கம்பளியில் தூக்கி வந்த லயத்து ஆட்களுக்கும், நான்கு வருடம் முகம் சுளிக்காமல் பீ மூத்திரம் அள்ளிய அண்ணிக்கும் நன்றி. இறுதிச் சடங்குக்கு டிரைவரிடம் மாலை கொடுத்தனுப்பிய துரைக்கும் நன்றி.

படுக்கையில் கிடந்த அத்தனை நாளும் அண்ணன் என்னைத் திட்டவில்லை. வீட்டிலும் ஐயா என்றே கூப்பிட்டார். கடைசி வாரத்தில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "தம்பினு ஒரு தடவ கூப்புடுங்கண்ணே" என்று அழுதேன்.

"அப்படியே பழகிருச்சுங்க, ஐயா" என்றார்.