வாய்மேல் துண்டு

என் வீட்டுக்காரருக்கு வாய் ஓயாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற வேலை அவருக்கு. சாயங்காலம் வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு ரயிலில் இறங்கிய அத்தனை பேர் மாதிரியும் பேசிக் காட்டுவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். நானும் லேசுப்பட்டவள் இல்லை. "கொஞ்சம் வாயை மூடுங்களேன், உலை கொதிக்கிற சத்தமே கேக்கல" என்று கத்துவேன். அவர் பாட்டுக்குப் பேசுவார்.

முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு டாக்டர் கையை விரித்துவிட்டார். அங்கே மருந்து கொடுக்கிற டிரெஸ்ஸர் நம்ம தமிழாள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"ரெண்டு குண்டிக்காயும் போச்சும்மா, இனி நீர் பிரியாது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உடம்பு அரிச்சா வெந்நீர்ல துடைச்சு எண்ணெய் தடவுங்க. பக்கத்துலயே இருங்க, அதுதான் இனி வைத்தியம்."

எல்லாம் செய்தேன். துடைத்தேன், தடவினேன், முதுகைச் சொறிந்துவிட்டேன். வெளியேறாத நீர் மூச்சில் வாடையாக ஏறும் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் காலையில் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வெகுநாள் கழித்து அவருக்குப் பேச ஆசை வந்தது. ஸ்டேஷன் கதை ஒன்றை ஆரம்பித்தார். மூச்சு நேராக என் முகத்தில் அடித்தது. குமட்டிக்கொண்டு வந்தது.

"ஐயே, அந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க! மூத்திர நாத்தம் தாங்கல!"

என் நாக்கில் தீயை வைக்க. சொல்லியேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். கதை பாதியில் நின்றது.

அதற்குப் பிறகு பேசினால் துண்டுக்குள்தான், அதுவும் சுவரைப் பார்த்து. "ஏதோ அலுப்புல சொல்லிட்டேங்க, துண்டை எடுங்க" என்று எத்தனையோ முறை கெஞ்சினேன். "இருக்கட்டும் புள்ள, உனக்குக் குமட்டுமில்ல" என்பார். என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலாம். பிள்ளைகள் வந்து எட்டிப் பார்த்தால் கையை மட்டும் ஆட்டுவார்.

கடைசி நாள் மத்தியானம் சுவர்ப்பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. துண்டை விலக்கினேன்.

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. நாத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சத்தியமா."

பொய்ச் சத்தியம். அவருக்கும் தெரியும். என்னைப் பார்த்தார், துண்டைத் திரும்ப இழுத்து மூடிக்கொண்டார். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

பக்கத்து வீட்டு அக்கா வந்து, "வாயைக் கட்டணும்டி, விறைச்சிடும்" என்று அந்தத் துண்டைக் கையில் எடுத்தார். வெடுக்கென்று பிடுங்கினேன்.

"இது வேணாங்க்கா. என் சேலையில கிழிச்சுக்கங்க."

அக்கா கிழித்துக்கொண்டிருந்தபோது குனிந்து என் முகத்தை அவர் வாயோடு வைத்துக்கொண்டேன். அந்த வாடைகூட இல்லை.